மகராசியின் தோல்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். இன்று ஒரு தோலின் கதை சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், யாரையும் உரிக்கப்போவதில்லை. உரித்தது எப்போதோ உரித்தாயிற்று. ஆனாலும் தூக்கிவாரிப் போடும் இடங்கள் சில வரும். நெஞ்சு படபடப்புக்காரர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கதை தொடங்கும்போது துளியக்கா ஒரு கண்ணாடிக் குப்பியை முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“அக்கா, பூஜ்யம்” என்றான் மெஷின் தம்பி.

“நல்லாப் பாரு தம்பி.”

“நல்லாப் பாத்துட்டேன்க்கா. நல்ல பூஜ்யம்.”

துளியக்கா ஒரு முகப்பூச்சுக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வேதியியல் படித்தவள். வீட்டில் எண்ணெயைக்கூடத் துளித்துளியாக எண்ணி ஊற்றுகிறவள், அதனால்தான் அந்தப் பெயர். அளவு பார்க்கும் இயந்திரத்தைக் கவனிக்கிறவன் மெஷின் தம்பி. அந்தக் கூடத்தில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர்தான்.

அவர்கள் பாடு என்னவென்றால், வைட்டமின் சி கலந்த பூச்சைத் தோலுக்குள் இறக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நம் தோலின் மேல்பக்கம் எண்ணெய்க் கட்சி. வைட்டமின் சி தண்ணீர்க் கட்சி. அது வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருக்கும். தோல் உள்ளேயிருந்து ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று சொல்லிவிடும். பாட்டிலில் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே போகாத வைட்டமின், முகம் கழுவும்போது சாக்கடைக்குத்தான் போகும். சாக்கடைக்கு மினுமினுப்பு எதற்கு?

உள்ளே போகிறதா என்று பார்க்க அந்தக் கண்ணாடிக் குப்பி. இரண்டு பாதியாக இருக்கும். நடுவில் ஒரு துண்டுத் தோலை வைத்து இறுக்கிவிடுவார்கள். மேலே பூச்சு, கீழே வெதுவெதுப்பான உப்புநீர். பூச்சு தோலைத் தாண்டிக் கீழே இருக்கும் நீரில் தென்பட்டால் வெற்றி.

என்ன தோல் என்கிறீர்களா? கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேனே. மனிதத் தோல்தான். ஆஸ்பத்திரியில் அறுவை செய்யும்போது மிஞ்சுகிற தோலை, உரியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், இப்படிச் சோதனைக்குக் கொடுப்பதுண்டு. யாருடையது என்று சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது.

கேட்கத்தான் கூடாது. நினைக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லையே. பனிக்கட்டிப் பெட்டியில் அந்தத் தோல் வந்த நாளே துளியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“யார் பெத்த மகராசியோ! மூணு நாலு புள்ளை பெத்து, வயிறு தளர்ந்து, அதை வெட்டி எடுத்திருப்பாங்க. அதையும் ஊருக்கு ஆகட்டும்னு குடுத்திருக்கா பாரு.”

“மகராசிக்கு நேத்துதான் சவரம் பண்ணின மாதிரி இருக்கேக்கா” என்றான் மெஷின் தம்பி, குனிந்து பார்த்து.

“அறுக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும்தான் வழிப்பாங்க. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

அன்றிலிருந்து அந்தத் தோலுக்கு மகராசி என்றே பெயர். காலையில் பெட்டியைத் திறந்தால் “எந்திரிச்சியா மகராசி?” சாயங்காலம் மூடும்போது “போய்ப் படுத்துக்கோ.” இடையில் ஈரத்தை ஒற்றி எடுக்கும்போது, குழந்தைக்குத் துவட்டிவிடுகிற பக்குவம்.

பூஜ்யம் வந்த அந்தக் காலையில்தான் முதலாளி உள்ளே வந்தார். வெளியூர்ப் பயணம் முடிந்து வந்ததிலிருந்து அவருக்குப் பொறுமை என்பதே இல்லை.

“ஏம்மா, எறங்குச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

“இந்த வாரக் கடைசியில அந்த மேடம் வர்றாங்க. ஊர் பூரா கடை வெச்சிருக்கறவங்க, நம்ம பூச்சை வாங்கலாமான்னு பாக்கத்தான் வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி எறங்கணும். எறங்கலைன்னா இந்தக் கூடத்தை இழுத்துப் பூட்டிட்டு, வெளியில ரெடியா கெடைக்கற சரக்கை வாங்கி நம்ம பாட்டில்ல ஊத்திக்குவேன். அதுக்கு நீங்க ரெண்டு பேரும் தேவையில்ல.”

துளியக்காவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. ஐம்பதைத் தாண்டியவள். இனி எந்தக் கம்பெனி கதவைத் தட்டுவது? மெஷின் தம்பிக்கு வீட்டில் கைக்குழந்தை. அவன் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், அதற்குள் போய் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறதா என்று தேடுகிறவன் போல.

“புளிப்பு பத்தல” என்று முடிவுகட்டினாள் துளியக்கா. புளிப்பு ஏறினால்தான் வைட்டமின் சி தன் தண்ணீர்க் கட்சி வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தோலும் கதவை ஒரு விரல் திறக்கும். ஏற்றினாள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏதோ லேசாக அசைந்தது.

“அசையுதுக்கா!”

இன்னும் ஏற்றினாள். மனிதர்கள் முகத்தில் தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? ஒரு சின்னப் புட்டியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் போய்க் கன்னத்தில் இரண்டு துளி வைத்துத் தேய்த்தாள்.

மனிதர் நாற்காலியோடு எழுந்தார்.

“ஐயோ! என்னத்தப் பூசின? மொளகாப் பொடியா?”

“வைட்டமின்ங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க, உள்ள போகுது.”

“உள்ள போகலம்மா, வெளியில வருது! என் உசுரு!”

“அங்க யாரும் இப்படிக் கத்தறதில்லையே” என்றாள் துளியக்கா யோசனையாக.

“எங்க?”

“ஆபீஸ்ல. மகராசிக்கு இதைத்தான் தெனமும் பூசறேன். ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

“யாரு மகராசி? புதுசா சேந்திருக்காங்களா?”

துளியக்கா உள்ளதைச் சொன்னாள். கணவர் கன்னத்தைப் பிடித்தபடியே பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டார்.

“மனுஷத் தோலா? அதைத் தொட்ட கையாலயா என்னைத் தொட்ட?”

“உறை போட்டுத்தாங்க தொடுவேன்.”

“இத்தனை வருஷமா உன்கூட ஒரே வீட்ல இருக்கேனே, எனக்கு ஏதாவது ஆனா என்னையும் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடுவியா?”

“சம்மதம்னு கையெழுத்துப் போட்டாத்தான்” என்றாள். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவர் அன்று வேறு அறையில் தாழ்போட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை துளியக்காவின் மனசு கேட்கவில்லை. கணவர் கன்னம் ஒரு பக்கம் மட்டும் சிவந்து வீங்கி, அரைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அப்படியென்றால் இந்தப் பாவம் எவ்வளவு தாங்கியிருக்கும்? குப்பியைத் திறந்து, குனிந்து, தோலின் மேல் மெல்ல ஊதினாள்.

“எரிஞ்சிருக்குமே மகராசி. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஊ... ஊ...”

“ஏம்மா! அதுக்கு ஊதியா விடறே?”

வாசலில் முதலாளி. அவர் வாய் திறந்தபடி நின்றது. துளியக்கா நிமிர்ந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி கழன்று பக்கத்துக் கிண்ணத்து உப்புநீரில் விழுந்தது.

“சூடு... சூடு பாத்தேன் சார்.”

முதலாளி கிட்ட வந்தார். முதல் தடவையாக அந்தத் தோலைக் குனிந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

“இதென்ன, பிஞ்ச செருப்பு மாதிரி? இதுலயா என் சரக்கைப் பூசறீங்க? யாரோ வேளாவேளைக்குத் தின்னுட்டு உருண்டு கெடந்த ஜென்மம். அசையாத உடம்பு. பாத்தாலே தெரியுதே!”

“அப்படிச் சொல்லாதீங்க சார். பாவம், குடும்பத்துக்கு உழைச்ச உடம்பு.”

“உழைச்ச உடம்பா? இது சோபாவுல உழைச்ச உடம்பு. இந்த மாதிரி ஆளுங்களுக்கு என் சரக்கை சும்மா குடுத்தாக்கூட வீண்!”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் மறையும்வரை பொறுத்திருந்து துளியக்கா தோலுக்கு ஆறுதல் சொன்னாள்.

“அந்த ஆளு சொன்னதை மனசுல வெச்சுக்காத மகராசி. அவன் என்ன பெரிய அழகனா? கண்ணாடி முன்னாடி நின்னா கண்ணாடியே திரும்பிக்கும். உன் ஓரத்துல வெட்டிப் போட்ட துணுக்குப் பெறுவானா அவன்?” என்று சொல்லி இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தாள். இப்படி அவள் மனசுவிட்டுப் பேசிய பேச்சு கொஞ்சமா நஞ்சமா? சம்பளம் உயர்த்தாதது, விடுப்புக் கேட்டால் முறைப்பது, போன வருஷம் அவளுடைய கலவையைத் தன் கலவை என்று மேடையில் சொன்னது, எல்லாவற்றையும் மகராசியிடம்தான் கொட்டியிருந்தாள். இப்படி இடைமறிக்காமல் கேட்கும் ஆள் அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை.

புளிப்பைக் குறைத்தாள். அதற்கு ஈடாகச் சூட்டை ஏற்றினாள். வெதுவெதுப்பில் தோல் இளகும் என்பது கணக்கு. தோல் இளகத்தான் செய்தது. ஆனால் வைட்டமின் சிக்குச் சூடு ஆகவே ஆகாது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், தண்ணீர் மாதிரி வைத்த பூச்சு கெட்டித் தேநீர் நிறத்தில் இருக்கிறது. தோலிலும் வட்டமாக ஒரு பழுப்புக் கறை.

“தம்பி! மகராசிக்குக் கறை புடிச்சிடுச்சு!”

“தேய்ச்சுப் பாருங்கக்கா.”

தேய்த்தாள். கறை போகவில்லை, தோல் கிழிந்தது.

துளியக்கா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் தம்பிதான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: “இன்னும் ரெண்டு சின்னத் துண்டு இருக்குக்கா. அழாதீங்க.”

அந்த இரண்டு துண்டை வைத்துக்கொண்டு அவள் தன் கடைசி யோசனையை எடுத்தாள். தண்ணீர்க் கட்சியை எண்ணெய்க் கட்சியின் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், எண்ணெய்க் கட்சியின் சட்டையைப் போட்டு அனுப்பினால் என்ன? கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகள் செய்து, ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் வைட்டமின் சியை அடைத்தாள். புளிப்பும் அளவாக, சூடும் அளவாக. அவசர அவசரமாக ஒரு துண்டை எடுத்துக் குப்பியில் பொருத்தினாள். கொழுப்பெல்லாம் வழித்தெடுத்த மெல்லிய துண்டு. நனைந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மெஷின் தம்பி கூவினான்.

“அக்கா! கொட்டுது! அருவி மாதிரிக் கொட்டுது!”

“என்ன?”

“எல்லாமே கீழ வந்துடுச்சுக்கா! மேல ஒண்ணுமே இல்ல!”

துளியக்கா மகராசிக்குக் காற்றில் ஒரு முத்தம் கொடுத்தாள். சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். எண்ணைப் பார்த்தார். அங்கேயே போனை எடுத்து, “மேடம், வாரக் கடைசி எதுக்கு? நாளைக்கே வாங்க. உங்க கண்ணு முன்னாடி எறக்கிக் காட்டறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, குப்பியைக் கழுவ எடுத்த மெஷின் தம்பி அதை வெளிச்சத்தில் சாய்த்தான். இன்னொரு பக்கம் சாய்த்தான்.

“அக்கா.”

“என்னடா?”

“பளபளப்பா இருக்கறது உள்பக்கம்தானே?”

“ஆமா.”

“அது மேல இருக்கேக்கா.”

கண்ணுகளா, துளியக்கா என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? தோலைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறாள்! வாசல் வழியாகப் போக முடியாத விருந்தாளி கொல்லைப்புறமாக நுழைந்து வாசல் வழியாக வெளியே வந்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு விருந்தாளியைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கொண்டாடியிருக்கிறார்கள்.

“மேடம் நாளைக்கு வர்றாங்கக்கா!”

“இன்னும் ஒரு துண்டுதானே இருக்கு? போன் போடு. தோல் குடுத்தனுப்பின ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்குப் போன் போடு. அதே ஆளோட மிச்சத் தோல் இருந்தா நாளைக்கே வேணும்னு சொல்லு. வேற ஆளுது வேண்டாம், வேற ஆளுது வெச்சா ஒப்பிட முடியாது. மகராசியோடதுதான் வேணும்!”

மறுநாள் மேடம் வந்தார். எளிமையான உடை, அதிகம் பேசாத வாய், எல்லாவற்றையும் பார்க்கும் கண். துளியக்கா கடைசித் துண்டை, இந்தத் தடவை நாலு முறை வெளிச்சத்தில் பார்த்து, நேராகப் பொருத்தியிருந்தாள். பூச்சை வைத்தாள்.

“எவ்ளோ நேரம் ஆகும்?” என்றார் மேடம்.

“பொழுது சாயற வரைக்கும் விட்டாத்தான் மேடம் தெரியும்.”

“அதெல்லாம் வேண்டாம்!” என்றார் முதலாளி. “நேத்து கொஞ்ச நேரத்துலயே கொட்டுச்சு. எடுப்பா தண்ணிய!”

மெஷின் தம்பி எடுத்தான். இயந்திரத்தில் வைத்தான். எண்ணைப் பார்த்துவிட்டுத் துளியக்காவைப் பார்த்தான்.

“சொல்லுப்பா!”

“பூஜ்யம் சார்.”

“நேத்து வந்துச்சே!”

துளியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வேலை போனாலும் போகட்டும், வந்திருப்பவரை ஏமாற்ற மனசு வரவில்லை.

“நேத்து வந்தது தப்பு சார். தோல் தலைகீழா இருந்துச்சு. என் தப்புதான். ஆனா இந்தக் கலவை எறங்கும் சார். நேரம் குடுங்க, எறங்கும்.”

முதலாளி வெடித்தார்.

“தலைகீழாவா? இந்தக் கூடத்தை இன்னைக்கே பூட்டறேன்! ரெண்டு பேரும் கெளம்புங்க!” மேடம் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க தப்பா நெனைக்காதீங்க. சரக்குல ஒரு கொறையும் இல்ல. எல்லாம் இந்தத் தோலோட கொறை. இதைப் பாருங்க! சொரணை இருக்கா இதுக்கு? இந்த மாதிரி ஒரு அசிங்கத்தை நான் பாத்ததே இல்ல!”

“சார்!” துளியக்கா குப்பியின் முன்னால் வந்து நின்றாள். “என்னை என்ன வேணா சொல்லுங்க. அந்த மகராசியை ஒண்ணும் சொல்லாதீங்க.”

“சொல்லுவேன்! எவளோ ஒரு சோம்பேறியோட தோலுக்கு வக்காலத்தா?” முதலாளி மேசையை ஓங்கிக் குத்தினார். குத்திய கையோடு வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“என்ன ஆச்சு சார்?” என்றார் மேடம்.

“ஒண்ணுமில்ல மேடம், வாயு.” பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “நான் சொல்லவந்தது என்னன்னா, ஒழுக்கமா வெச்சுக்கிட்ட ஒடம்பா இருந்தா இந்நேரம் எறங்கியிருக்கும். இது என் தோலா இருந்தா, வெச்ச ஒடனே சொட்டியிருக்கும்!”

“அவ்ளோ உறுதியா சொல்றீங்களா?”

“என் தோல்ல எறங்காம போனா, இந்தக் கூடத்தைப் பூட்டற பேச்சையே இந்த ஜென்மத்துல எடுக்கமாட்டேன் மேடம். இந்தம்மா எவ்ளோ நாள் கேக்குதோ அவ்ளோ நாள் தர்றேன். நீங்களே சாட்சி!”

“சரி, நான் சாட்சி” என்றார் மேடம். அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. “எங்க, கையில கொஞ்சம் சீவிக் குடுங்க பாப்போம்.”

முதலாளி சிரித்தார். மேடம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, பனிக்கட்டிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஆஸ்பத்திரி நர்சம்மா உள்ளே வந்தார். வெயிலில் வந்த களைப்பு. யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்தார். முதலாளியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அட, சார்! நீங்களே இங்கதான் இருக்கீங்களா? தையல் போட்டு முழுசா ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள வயித்தைக் குலுக்கி இப்படிக் கத்தலாமா? இந்தாங்க, உங்க வயித்துல வெட்டி எடுத்த தோல்ல மிச்சம் இருந்ததெல்லாம் கொண்டாந்துட்டேன். எங்க வெக்கட்டும்?”

நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் சுகமாயிருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் மனம் நோகாமல் போய், முகம் வாடாமல் திரும்பி வரட்டும்.